மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் புரோப்பேனில் ஓடும் மின்பிறப்பாக்கியும்

பெற்றோல் இயந்திரம் என்றால் அது பெற்றோலில் மட்டுமே ஓடும் என்று எண்ணுவோர் பலர். ஜேர்மனியில் பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் இயல்பானதே. வீதியின் இருமருங்கிலும் எரிபொருள் நிலையங்கள் இரவு பகலாகத் திறந்திருக்கும் நாட்டில், பெற்றோல் இல்லாத ஒரு காலத்தை அவர்கள் எவ்வாறு கற்பனை செய்வர்? ஆனால், அவர்களின் தந்தையரும் மாமன்மாரும் துளி பெற்றோலைத் தங்கமென மதித்து வாழ்ந்தவர்கள். பெற்றோலுக்கென்று யப்பானில் வார்க்கப்பட்ட இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள். அந்த அறிவு புலம்பெயர்ந்து வந்த எம்மவர் கைகளில் இன்னமும் உறங்கிக் கிடக்கிறது.

அதனை இப்போது நினைவூட்ட வேண்டியதற்குக் காரணம் உண்டு. எர்லாங்கன், நூர்ன்பேர்க், ஃபூர்த் ஆகிய நகரங்களின் ஓரங்களில் சிறு தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் கத்தரியும் பயிரிடும் எமது குடும்பங்கள் உள்ளன. இவ்வகைத் தோட்டங்கள் பலவற்றில் மின்சார இணைப்பு இல்லை. கோயில் தேர்த்திருவிழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கடை போடுவோர் சிறிய மின்பிறப்பாக்கிகளைக் கொண்டு வருகின்றனர். குளிர்காலம் முழுவதும் மூலையில் கிடந்த மின்பிறப்பாக்கி, வசந்தத்தில் இழுத்தால் இயங்க மறுக்கிறது. தாங்கியில் விடப்பட்ட பெற்றோல் பழுதாகிப் பசையாய்ப் படிந்து காபரேற்றரை அடைத்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அருகிலேயே அடுப்புக்கு வாங்கிய புரோப்பேன் சிலிண்டர் நிற்கிறது. இந்த வாயுவில் இந்த இயந்திரத்தை ஓட்டினால் என்ன என்ற கேள்வி எழுவது இயற்கையே.

ஓட்டலாம் என்பதே விடை. ஆயினும் எவ்வாறு ஓட்டுவது, எங்கே ஓட்டக்கூடாது என்பவற்றை அறியாமல் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வந்தது வாயுவே

வாயுவில் ஓடும் இயந்திரம் புதுமையான ஒன்றன்று. உள்ளெரி இயந்திரம் பிறந்ததே வாயுவில்தான். 1860இல் பாரிஸில் எத்தியன் லெனுவார் என்பவர் உருவாக்கிய இயந்திரம் நிலக்கரி வாயுவில் ஓடியது. ஜேர்மனியரான நிக்கொலாவுஸ் ஒட்டோ, கொலோன் நகரில் 1876இல் இயக்கிக் காட்டிய நான்கடிப்பு இயந்திரமும் தெருவிளக்குகளுக்குக் குழாய் வழியே வந்த அதே நகர வாயுவையே எரித்தது. இன்று உலகெங்கும் ஓடும் பெற்றோல் இயந்திரங்களுக்கெல்லாம் மூதாதை அதுவே. ஒட்டோ பொறியியற் கல்வி கற்றவரல்லர். ஊரூராகச் சென்று பொருள் விற்ற வணிகர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

பெற்றோல் பின்னால் வந்தது. வாயுக் குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு வண்டி வீதியில் ஓட முடியாது என்பதனாலேயே திரவ எரிபொருள் தேவைப்பட்டது. 1888இல் பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவரின் மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து புறப்பட்ட புகழ்பெற்ற பயணத்தின்போது, வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையிலேயே எரிபொருள் வாங்கினார். அக்காலத்தில் அது கறை நீக்கும் திரவமாகவே விற்கப்பட்டது.

புரோப்பேன் 20ஆம் நூற்றாண்டில் பிறந்த எரிபொருள். 1910இல் அமெரிக்க வேதியியலாளர் வோல்ரர் ஸ்னெல்லிங், பெற்றோலிலிருந்து ஆவியாகி வீணாகும் வாயுக்களை ஆராய்ந்தபோது அதனை இனங்கண்டார். பவேரிய மாநிலத்தின் அவுக்ஸ்பூர்க் நகரைச் சேர்ந்த ஹேர்மன் பிளாவ் என்பவர் அதற்கு முன்னரே எண்ணெயிலிருந்து ஒருவகை வாயுவை ஆக்கியிருந்தார். 1928இல் பறந்த 'கிராஃப் செப்பலின்' வான்கப்பலின் இயந்திரங்கள் அவர் பெயர் தாங்கிய பிளாவ் வாயுவில் ஓடின. அவ்வாயுவின் எடை காற்றின் எடையை ஒத்திருந்தமையால், எரிபொருள் செலவானாலும் கப்பலின் மிதப்பு மாறவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, விறகை அரைகுறையாக எரித்துப் பெற்ற வாயுவில் இலட்சக்கணக்கான வாகனங்கள் ஓடின. அதே காலத்தில் தமிழ்நாட்டின் வீதிகளில் பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு 'கரி பஸ்' ஓடியதை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம்.

தட்டுப்பாடு வந்த இடத்திலெல்லாம் மனிதர் எரிபொருளை மாற்றியிருக்கின்றனர். அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே யாழ்ப்பாணத்தின் கதையும்.

பெற்றோல் இல்லாத குடாநாடு

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் யாழ்.குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. தொடர்ந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி எனப் பல பொருட்கள் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அதன் விலையும் கொழும்பு விலையைவிடப் பன்மடங்காயிற்று. பஞ்சும் திரியும் இட்ட ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர்.

இந்நிலையில்தான் ஊர்தோறும் இருந்த சிறு வேலைத்தலங்கள் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி செய்யக்கூடிய பணியைச் செய்தன. ஹொண்டா சி-50, சி-90 மோட்டார் சைக்கிள்கள், மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 கார்கள், தோட்டங்களின் நீரிறைக்கும் மிசின்கள் ஆகிய யாவும் மண்ணெண்ணெய்க்கு மாறின. இயந்திரத்தை எழுப்ப மட்டும் சிறிது பெற்றோல் தேவைப்பட்டது. அதனைச் சிறிய 'சூப்பி'ப் போத்தலில் நிரப்பி, காபரேற்றருக்குள் சில துளி பீச்சி, உதைத்து இயக்குவர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் லீற்றரில் அன்றிப் போத்தலிலும் துளியிலும் அளக்கப்பட்ட காலம் அது. சட்டைப்பையில் சூப்பிப் போத்தல் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் எவரும் வெளிக்கிட்டதில்லை.

இது வசதிக்காகச் செய்த வித்தையன்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் நிலம் கிணற்றை நம்பியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் இறைப்பு நின்றால் சில நாட்களில் வாடிவிடும். மிசின் நின்ற இடங்களில் எமது பாட்டன்மாரின் துலா மீண்டும் எழுந்தது. நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் சென்ற காரும் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டே ஓடியது. தரைவழி அடைபட்டபின் மக்கள் இரவிரவாகக் கடந்த கிளாலிக் கடனீரேரியில் படகுகளை இழுத்தவையும் சிறிய வெளியிணைப்பு இயந்திரங்களே. எத்தனையோ பேர் உயிரிழந்த அந்நீர்ப்பரப்பின் நடுவே இயந்திரம் நின்றால் என்னாகும் என்பதைக் கடந்து வந்தவர்கள் அறிவர். ஒரு பிளக்கின் கரி சுரண்டப்பட்டதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் உயிர் தங்கியிருந்தது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி மக்களுக்குத் திறக்கப்பட்டபின் இந்த முறை படிப்படியாக மறைந்தது. 2022இல் இலங்கை முழுவதும் டொலர் தட்டுப்பாட்டால் எரிபொருளும் சமையல் வாயுவும் இன்றி வரிசையில் நின்றபோது, வடக்கின் மக்கள் சைக்கிளையும் விறகடுப்பையும் மீண்டும் எடுத்தனர். அவர்களுக்கு அது முதல் அனுபவமன்று. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, அதனை நம்பிக் கடலுக்குச் சென்ற மீனவரே பெரிதும் தாக்குண்டனர்.

இயந்திரம் கேட்பது என்ன?

மண்ணெண்ணெயில் ஓடியது எப்படி, புரோப்பேனில் ஓடப்போவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இயந்திரம் உண்மையில் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெற்றோல் வேண்டும் என்பதில்லை. வேண்டியவை மூன்றே. எரிபொருள் ஆவியாகவோ வாயுவாகவோ இருத்தல் வேண்டும். காற்றுடன் உரிய விகிதத்தில் கலத்தல் வேண்டும். பிஸ்ரன் அமுக்கும்போது தீப்பொறிக்கு முன்னரே தானாக வெடிக்காதிருத்தல் வேண்டும்.

மண்ணெண்ணெய் இவற்றுள் இரண்டில் தவறுகிறது. குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது. அதனாலேயே பெற்றோலால் எழுப்பிச் சூடாக்கும் தேவை வந்தது. பிரித்தானியாவில் முற்காலத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய உழவு இயந்திரங்களும் இதே முறையிலேயே பெற்றோலில் எழும்பின. எரிபொருள் செல்லும் வழியைப் புகைபோக்கியின் வெப்பத்தால் சூடாக்குவதும் அவற்றில் வழக்கம். இரண்டாவது, ஒக்ரேன் எண் என்று சொல்லப்படும் தாங்குதிறன் மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. அமுக்கம் கூடினால் அது தட்டும், சம்மட்டியால் அடிப்பதுபோல் உள்ளே ஓசை கேட்கும், பிஸ்ரன் பழுதாகும். சிலிண்டர் தலைக்குக் கீழே தடித்த காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பது அதற்கு ஒரு மாற்று வழி. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக வழிந்து இயந்திர எண்ணெயைக் கரைப்பது இன்னொரு தொல்லை. அடிக்கடி எண்ணெய் மாற்றியவர்களின் இயந்திரங்களே நீடித்தன.

புரோப்பேனின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து வாயுவாகிறது. ஆகவே எர்லாங்கனின் ஜனவரிக் குளிரிலும் அதனை ஆவியாக்க அடுப்புத் தேவையில்லை. அதன் ஒக்ரேன் எண் நூறுக்கு மேல். சாதாரணப் பெற்றோலின் எண் 95 ஆகும். எனவே தட்டும் தொல்லை இல்லை. கரி படிவது மிகக் குறைவு. இயந்திர எண்ணெய் நெடுநாள் தூய்மையாக இருக்கும். மூடிய சிலிண்டரில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் வாயு பழுதாவதில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் விற்கப்படும் சமையல் வாயுவில் பியூட்டேன் பெருமளவு கலந்திருக்கும். பியூட்டேன் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பது. வெப்ப நாட்டுக்கு அது பொருந்தும். குளிர் நாட்டில் உறைபனி விழுந்தால் அது சிலிண்டருக்குள்ளேயே திரவமாக நின்றுவிடும். புரோப்பேன் கூடினால் சிலிண்டரின் உள்ளழுத்தம் கூடும் என்பது இதன் மறுபக்கம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் அடுத்தடுத்து நிகழ்ந்த சமையல் வாயு வெடிப்புகளை விசாரித்த குழு, கலவை விகிதம் மாற்றப்பட்டதையே காரணமாகச் சுட்டியது. வாயுவின் கலவை என்பது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு இது சான்று.

மாற்றும் முறை

நான்கடிப்புச் சிறு இயந்திரத்தைப் புரோப்பேனுக்கு மாற்றப் பிஸ்ரனையோ வால்வையோ தொட வேண்டியதில்லை. வேலை முழுவதும் காபரேற்றரின் வாயிலிலேயே நிகழ்கிறது. காற்று வடிகட்டிக்கும் காபரேற்றருக்கும் நடுவே ஒரு வளையம் பொருத்தப்படுகிறது. காற்று உள்ளே இழுபடும்போது அவ்வளையத்தின் துளைகளினூடாக வாயுவும் சேர்ந்து இழுபடும். ஏறக்குறைய 24 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு புரோப்பேன் வாயு என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. குழாயில் உள்ள ஒரு திருகாணியைத் திருகி, சுமை ஏற்றிய நிலையில் இயந்திரம் சீராக ஓடும்வரை இவ்வளவைச் சரிசெய்வர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சிலிண்டருக்கும் இந்த வளையத்துக்கும் இடையே உள்ள றெகுலேற்றர். இங்கேதான் பலர் தவறுகின்றனர். சிலிண்டரின் உள்ளே 20 பாகை வெப்பத்தில் சுமார் 8 பார் அழுத்தம் உண்டு. அடுப்புக்கான றெகுலேற்றர் அதனை 30 அல்லது 50 மில்லிபாராகக் குறைக்கிறது. ஆனால் அடுப்பு றெகுலேற்றரை இயந்திரத்தோடு நேரே இணைத்தல் ஆகாது. இயந்திரம் நின்றபின்னும் அதனூடாக வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே அதற்கு அடுத்ததாக இன்னொரு கருவி வேண்டும். இயந்திரம் உறிஞ்சினால் மட்டுமே திறந்து, உறிஞ்சல் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் மென்சவ்வு அதனுள் இருக்கிறது. பூச்சிய அழுத்த றெகுலேற்றர் என்று இதனைச் சொல்வர். குழந்தை வாய் வைத்து உறிஞ்சினால் மட்டும் பால் தரும் போத்தலைப் போன்றது அது. ஊரில் சூப்பிப் போத்தலைக் கையால் அழுத்தினோம். இங்கே இயந்திரமே உறிஞ்சிக்கொள்கிறது.

ஈரடிப்பு இயந்திரத்தின் கதை வேறு. புல்வெட்டி, மரமறுக்கும் வாள் போன்றவற்றின் ஈரடிப்பு இயந்திரங்களில் பெற்றோலோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழுக்குத் தருகிறது. பெற்றோலை நீக்கினால் எண்ணெயும் நீங்கும். சில நிமிடங்களில் பிஸ்ரன் இறுகிவிடும். தனியாக எண்ணெய் செலுத்தும் ஏற்பாடு இல்லாத ஈரடிப்பு இயந்திரத்தை வாயுவுக்கு மாற்ற எண்ணவே கூடாது.

ஆதாயமும் இழப்பும்

வாயுவாக வரும் எரிபொருள் சிலிண்டருக்குள் காற்றின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. திரவப் பெற்றோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியும் இல்லை. இவற்றால் வலு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். 2,000 வற் மின்பிறப்பாக்கி 1,800 வற்றைத் தரும் என்று எண்ணிக்கொள்வது நலம். 11 கிலோ சிலிண்டர் ஒன்று, ஒரு கிலோவற் சுமையில், இயந்திரத்தின் தரத்தைப் பொறுத்து இருபது மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். வால்வும் அதன் இருக்கையும் பெற்றோலில் ஓடுவதைவிடச் சற்று விரைவாகத் தேயலாம். எனவே வால்வு இடைவெளியை இடையிடையே சரிபார்த்தல் வேண்டும்.

திரவம் வாயுவாக மாறும்போது சிலிண்டரிலிருந்தே வெப்பத்தை எடுக்கிறது. பெரிய இயந்திரத்தைச் சிறிய சிலிண்டரோடு இணைத்தால், கோடையிலும் அதன் வெளிப்புறத்தில் பனி படிந்து அழுத்தம் விழும். அதனைச் சூடாக்கத் தீயையோ வெந்நீரையோ நாடுவது பேராபத்து. பெரிய சிலிண்டரை நாடுவதே வழி. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்றல் வேண்டும். படுத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் குழாயில் பாயும். பாரந்தூக்கி வண்டிகளுக்கான சிலிண்டர்கள் திரவத்தையே வெளிவிடுமாறு ஆக்கப்பட்டவை. அவை மலிவாகக் கிடைத்தாலும் இத்தேவைக்கு ஆகா.

உயிருக்கு உலை வைக்கும் தவறுகள்

மண்ணெண்ணெயோடு பழகிய எமது கைகள் புரோப்பேனை எளிதாக எண்ணிவிடக் கூடும். மண்ணெண்ணெய் நிலத்தில் சிந்தினால் நாற்றம் அடிக்கும். ஆனால் உடனே தீப்பற்றாது. புரோப்பேன் அவ்வாறன்று. ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 260 லீற்றர் வாயுவாகப் பெருகும். காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமான அவ்வாயு, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு மின்விசையின் பொறி அதனை வெடிக்க வைக்கப் போதுமானது. எனவேதான் இந்நாட்டின் விதிகள் சிலிண்டரை நிலவறையிலும் படிக்கட்டுப் பாதையிலும் படுக்கையறையிலும் வைப்பதைத் தடை செய்கின்றன. பல மாடி வீடுகளில் வாழும் எம்மவர் 'கெல்லர்' எனப்படும் நிலவறையையே களஞ்சியமாகக் கொள்வது வழக்கம். அரிசி மூட்டையை அங்கே வைக்கலாம். வாயுச் சிலிண்டரை வெற்றுச் சிலிண்டராயினும் வைக்கலாகாது.

இரண்டாவது ஆபத்து புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு. புரோப்பேன் தூய எரிபொருள் என்பதனால் புகை வராது, ஆகவே உள்ளே வைத்து ஓட்டலாம் என்று நினைப்பவர் உண்டு. கண்ணை எரிக்கும் மண்ணெண்ணெய்ப் புகை ஒருவரை வெளியே விரட்டிவிடும். மணமும் நிறமும் அற்ற காபன் மொனொக்சைட்டு விரட்டுவதில்லை. உறங்க வைத்துக் கொல்லும். கூடாரத்துக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ கடையின் பின்புறத் தட்டிக்குள்ளோ மின்பிறப்பாக்கியை ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. திறந்த வெளியே அதன் இடம்.

மூன்றாவது, பொருத்துகளின் ஒழுக்கு. வாயுச் சிலிண்டரின் மரை இடப்புறமாகச் சுற்றுவது. பழக்கத்தில் வலப்புறமாக முறுக்குவோர் மரையைக் கெடுத்துவிடுவர். ஒவ்வொரு முறை பூட்டிய பின்னும் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தல் வேண்டும். தீக்குச்சி கொண்டு பார்ப்பது தற்கொலைக்குச் சமம். தோட்டத்துக்கு நீரிறைக்கும் றப்பர் குழாயை வாயுவுக்குப் பயன்படுத்தலாகாது. உரிய தரமுத்திரை பதித்த குழாயையும் றெகுலேற்றரையுமே வாங்க வேண்டும். விற்பனைக்கு வரும் மின்பிறப்பாக்கிகளில் வாயுவுக்கும் பெற்றோலுக்கும் தொழிற்சாலையிலேயே ஆயத்தம் செய்யப்பட்டவை உண்டு. புதிதாக வாங்குவோர் அவற்றை வாங்குவதே சாலச் சிறந்தது. வீதியில் ஓடும் வாகனத்தை மாற்றுவதோ முற்றிலும் வேறான விடயம். அதற்கு உரிமம் பெற்ற வேலைத்தலமும் தொழில்நுட்பப் பரிசோதனையும் வாகனப் பத்திரத்தில் பதிவும் கட்டாயம். இவை இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. வதிவிட அனுமதியை நீடிக்கக் காத்திருக்கும் எமது சகோதரர்கள் சட்டச் சிக்கலைத் தாமே தேடிக்கொள்ளலாகாது.

எர்லாங்கன் சொல்லும் பாடம்

இவ்வளவையும் சொன்னபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இந்த அறிவை உடைய எம்மவருக்கு இந்நாட்டில் என்ன இடம் கிடைத்தது?

எர்லாங்கன் நகரின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1685இல் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மக்களுக்கு அளிக்கப்பட்டிருந்த உரிமைகளை நீக்கினார். ஊகெனோத்தர் எனப்பட்ட அம்மக்கள் நாட்டைவிட்டு ஓடினர். 1686இல் மார்க்கிராஃப் கிறிஸ்டியான் ஏர்ன்ஸ்ட் அவர்களை எர்லாங்கனில் ஏற்று, அவர்களுக்கென்றே நேர்கோடாய் வீதிகள் அமைத்துப் புதிய நகரைக் கட்டினார். அவர் இரக்கத்தால் மட்டும் அழைத்தாரல்லர். நீண்ட போரினால் வறண்டுபோன தம் நாட்டுக்குக் கைத்தொழிலாளர் தேவைப்பட்டனர். வந்தவர்களோ காலுறை பின்னும் பொறியையும் கையுறை, தொப்பி செய்யும் கலையையும் கொண்டுவந்தனர். காலுறைப் பின்னல் இந்நகரின் பெருந்தொழிலாயிற்று. இன்றும் நகர நடுவே நிற்கும் ஊகெனோத்தர் தேவாலயம் அகதிகள் கட்டிய நகர் இது என்பதற்குச் சாட்சி. இதே நகரில் 1789இல் பிறந்த ஜியோர்ஜ் சிமோன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். தானாகவே கணிதம் கற்ற அத்தந்தை தன் பிள்ளைகளுக்கும் அதனை ஊட்டினார். மின்தடையின் அலகு இன்று உலகெங்கும் அப்பிள்ளையின் பெயரால் வழங்குகிறது.

எமது வருகை வேறு விதமாய் அமைந்தது. 1980களில் வந்த தமிழ் இளைஞர் பலர் எர்லாங்கனுக்கு அண்மையிலுள்ள சிர்ன்டோர்ஃப் முகாமின் வாயிலாக இந்நாட்டுக்குள் நுழைந்தனர். 1987 முதல் தஞ்சம் கோருவோருக்கு ஐந்து ஆண்டு வேலைத்தடை விதிக்கப்பட்டது. 1991இல் அது நீக்கப்படும்வரை, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடிய கைகள் முகாம் அறைகளில் சும்மா கிடந்தன. பின்னர் வேலை கிடைத்தபோதும் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலுமே பெரும்பாலோர் அமர்ந்தனர். பத்திரம் எங்கே என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. ஊர் வேலைத்தலத்தில் குருவிடம் கற்றவருக்கு யார் பத்திரம் கொடுத்தார்? பத்திரம் வைத்திருந்தவரின் வீடும் எரிந்தபோது பத்திரம் எங்கே மிஞ்சும்?

இன்று சில கதவுகள் திறந்துள்ளன என்பதை வாசகர்களுக்கு வலியுறுத்த விரும்புகிறோம். 2012 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள தகைமை ஏற்புச் சட்டம், வெளிநாட்டில் தொழிற்கல்வி முடித்தவர் பத்திரங்களை இழந்திருந்தாலும், செய்முறையாலும் உரையாடலாலும் தம் திறனை மெய்ப்பிக்க இடமளிக்கிறது. முறையான கல்வியே பெறாது வேலையிலேயே கற்றவருக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு தொழிலின் பயிற்சிக் காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலைச் செய்தவர், பாடசாலை செல்லாமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். வெளிநாட்டில் செய்த வேலையும் அக்கணக்கில் கருத்திற் கொள்ளப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாகனத் தொழிலுக்கு மட்டுமன்றி, புல்வெட்டி, நீரிறைக்கும் இயந்திரம் போன்றவற்றைத் திருத்தும் வேளாண் மற்றும் கட்டட இயந்திரத் தொழிலுக்கும் தனிப் பரீட்சை உண்டு. எர்லாங்கன் பகுதியில் வாழ்வோர் நூர்ன்பேர்க்கிலுள்ள மத்திய பிராங்கன் கைவினைத் தொழிற் சங்கத்தை இதற்காக அணுகலாம். மொழி தடையாயின், இங்கே படித்த தம் மக்களை உடன் அழைத்துச் செல்லலாம்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது எமது பழமொழி. தடைக்காலத்தில் எம்மவர் கையில் புல்லே இருந்தது, அதனை ஆயுதமாக்கினர். அந்த வல்லமை நூல்களில் எழுதப்படவில்லை. அறுபதையும் எழுபதையும் தொட்டுவிட்ட சில மனிதரின் விரல்களிலேயே அது தங்கியிருக்கிறது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். ஆகவே எமது தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், மூத்த தொழிலாளர் ஒருவரை அழைத்து ஒரு சிறு இயந்திரத்தைப் பிள்ளைகள் முன்னே கழற்றிப் பூட்டிக் காட்டச் செய்யுங்கள். காபரேற்றர், பிளக், வால்வு ஆகியவற்றின் பணியை அவர் தமிழில் விளக்கட்டும். மண்ணெண்ணெயில் அதனை எவ்வாறு ஓட்டினார் என்பதையும் சொல்லட்டும். இங்கே பொறியியல் கற்கும் இளையோர் அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். புரோப்பேன் சிலிண்டரைத் திறக்கும் முன் எதை அஞ்ச வேண்டும் என்பதையும் அதே நாளில் அவர்கள் கற்றுக்கொள்வர்.